சாட்சி சொல்லும் எண்ணெய்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். இரவு முழுவதும் இடியும் மழையுமாகக் கழிந்து, காலையில் நமுணுகுலை மலைமுகடு கழுவித் துடைத்தாற்போல் துலங்கிற்று. பத்தாந் தர மாணாக்கருக்குக் கரைசல்களைப் பற்றிய பாடத்தை நாம் அப்பொழுதுதான் தொடங்கியிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசைமீது வைத்தாள். பசறை வீதியில், நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தின் பணிய லயத்திலிருந்து நாள்தோறும் வந்து படிப்பவள் அவள்.

“சேர், இது எங்கள் பீலித் தண்ணீர். பீலிக்கு மேலே இருக்கும் மலையில் போன கிழமை மருந்து அடித்தார்கள். இராத்திரி மழை பெய்தது. இந்தத் தண்ணீரில் மருந்து இருக்கிறதா, இல்லையா? அம்மா கேட்டு வரச் சொன்னா.”

போத்தலை எடுத்துச் சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பளிங்குபோலத் தெளிந்திருந்தது. மூக்கருகே கொண்டுசென்றோம், மணம் எதுவுமில்லை. “தெளிந்த நீர் நல்ல நீர், கொதிக்கவைத்துக் குடியுங்கள்” என்னும் விடை நாவின் நுனிவரை வந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு நாம் சொல்லிவந்த விடையும் அதுவே. ஆனால் அன்று அந்தப் பிள்ளை எம் முகத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் கைக்குழந்தையொன்று இருப்பதும் எமக்குத் தெரியும். பாடநூலை மூடிவைத்து, “தெரியாது அம்மா. கண்ணாலும் மூக்காலும் இதனை அறிய இயலாது. ஒரு கிழமை தவணை கொடு, தேடிப் பார்த்துச் சொல்கிறோம்” என்றோம். அவ்வாறு தேடியதில் அறிந்தவற்றை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இக்கேள்வி உரியது அன்றோ?

நீரை வெறுப்பன, நெய்யை விரும்புவன

முதலில், வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு பரிசோதனை. கண்ணாடிப் போத்தலொன்றில் அரைப்பங்கு நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் இடுங்கள். நன்றாகக் குலுக்கினாலும் தூள் கலங்கி நிற்குமேயன்றிக் கரைந்து போகாது. பின்னர் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றி மீண்டும் குலுக்கிச் சற்றே அசையாது வையுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய் பொன்னிறமாகிவிடும். கீழே நிற்கும் நீரோ வெளிறித் தோன்றும். வகுப்பில் நாம் இதனைச் செய்தபோது பதுளைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. போத்தலை வெயிலில் வைத்து இளக்கிய பின்னரே காரியம் கைகூடியது.

மஞ்சளின் நிறப்பொருள் நீரை வெறுத்து எண்ணெயை விரும்புவது. கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் தாளிக்கப்படுவதும், நெய்ப் பாத்திரம் வெறும் நீருக்கு மசியாமல் சாம்பலையோ சவர்க்காரத்தையோ வேண்டி நிற்பதும் இயற்கையின் இந்த ஒரே விதியினாலேயே என்பதை எம் தாய்மார் நன்கு அறிவர். நீரில் கரைபவை நீரோடு போகும். கொழுப்பில் கரைபவை நீரில் இருக்கும்போதும் ஒரு கொழுப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்டவுடன் அதில் புகுந்து தங்கிவிடும்.

பூச்சிகொல்லிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. டி.டி.டி. என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். நீரும் எண்ணெய் போன்றதொரு திரவமும் ஒருங்கே இருக்கும் பாத்திரத்தில் அதனை இட்டால், நீரில் நிற்பதைப்போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாக எண்ணெய்ப் பகுதியிலே சேர்ந்துவிடும். ஆற்றில் ஓடும் நீரைச் சோதித்தால் அது இருக்கும் சுவடே தெரியாது போகலாம். அதே ஆற்றில் வாழும் மீனின் கொழுப்பிலோ சிறுகச் சிறுகச் சேர்ந்து நிற்கும். சிறு மீனை உண்ணும் பெரிய மீனிலும், பெரிய மீனை உண்ணும் பறவையிலும் அதனளவு மேலும் மேலும் கூடும்.

இம்மருந்தைப் பழித்து மட்டும் பேசுவது நன்றி மறந்ததாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. 1946இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிய பின்னர் அந்நோய் வியப்புறும் வகையில் தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டது. தெளிப்பு நிறுத்தப்பட்ட பின் நோய் மீண்டும் தலைதூக்கி நீண்ட காலம் தொல்லை கொடுத்தது. 2016இல்தான் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நன்மை செய்த மருந்தே கொழுப்பில் புகுந்து நெடுநாள் அழியாது நிற்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

தேயிலை மலைகள் கற்ற பாடம்

தேயிலைக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டிப் பிணைத்து அவற்றுள் வாழும் புழுவொன்று ஒரு காலத்தில் தோட்டங்களைப் பெரிதும் அழித்துவந்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவியினம் ஒன்றை யாவாத் தீவிலிருந்து கொணர்ந்து இங்கே பரப்பினர். மருந்தில்லாமலே புழு அடங்கிற்று.

பின்னர் தேயிலைச் செடியின் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிப்பதற்கென டீல்டிரின் என்னும் மருந்தை விசிறினர். வண்டுக்கென அடித்த மருந்து குளவியையும் கொன்றது. காவலாள் மாண்டதும் கள்வன் வெளிவந்ததுபோல, அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மருந்தடித்த மலைகளில் மீண்டும் பெருகலாயிற்று. ஓர் இடையூற்றைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கிய கதை இது. பூச்சியியல் கற்பிக்கும் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

டீல்டிரினும் கொழுப்பை விரும்பும் பொருளே. மண்ணில் ஆண்டுக்கணக்காக நிற்கும். மழையில் அரித்துச் செல்லும் மண்ணோடு கானுக்கும், கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போகும். 2001இல் ஸ்டொக்ஹோம் நகரில் உருவான உலக உடன்படிக்கை, முதலில் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ வேண்டுமென்று குறித்த பன்னிரண்டு பொருள் வகைகளுள் டீல்டிரினும் டி.டி.டி.யும் இடம்பெற்றன. 2005இல் இலங்கையும் அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

எம் மலைகளில் பிறக்கும் நீர் எங்கெங்கே போகிறது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பதுளு ஓயா துன்ஹிந்தையில் அருவியாய் வீழ்ந்து மகாவலியில் கலக்கிறது. நமுணுகுலைத் தொடரிலே பிறக்கும் மாணிக்க கங்கையோ தெற்கே கதிர்காமத்தைத் தொட்டு ஓடுகிறது. ஆடி மாதத்தில் அடியார்கள் முழுகி எழும் தீர்த்தத்தின் முதல் துளி எம் தேயிலை மலைகளின் அயலிலேதான் ஊறுகிறது. நீரைக் காப்பது பணிய லயத்துக்கு மட்டும் உரிய கவலையன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மனிதன் சமைத்த கொழுப்பு

மீனின் கொழுப்பே ஆற்றின் கணக்கேடு என்றால், மீனைப் பிடித்துச் சோதித்தால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் மீன் ஓரிடத்தில் நில்லாது. நேற்று எங்கே நீந்தியது என்று அதனைக் கேட்க முடியாது. சில மாசுப்பொருள்களை அதன் ஈரல் உருமாற்றி வெளியேற்றிவிடும். நஞ்சு மிகுந்த ஓடையில் மீன் வாழவே வாழாது. லயத்துப் பீலியில் மீனுக்கு எங்கே போவது? ஆகவே விஞ்ஞானிகள் மீனை விட்டுவிட்டு மீனின் கொழுப்பை மட்டும் ஆற்றில் இறக்க வழி தேடினர்.

இங்கேதான் டிரையோலீன் என்னும் செயற்கைக் கொழுப்பு மேடையேறுகிறது. கொழுப்புகளும் எண்ணெய்களும் பெரும்பாலும் முக்கிளிசரைடுகள் என்னும் இனத்தவை. கிளிசரோல் என்னும் இனிப்பான திரவத்தின் ஒரு மூலக்கூறு நடுத்தண்டாக நிற்க, கொழுப்பமில மூலக்கூறுகள் மூன்று அதில் கிளைகளாய் இணைந்திருப்பதே முக்கிளிசரைடு. பிரெஞ்சு இரசாயனவியலார் செவ்ரல் கொழுப்பின் இவ்வமைப்பை ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். அவர் நாட்டவரான பெர்த்தலோ கிளிசரோலையும் கொழுப்பமிலங்களையும் மூடிய குழாயில் சேர்த்துச் சூடாக்கி, உயிரின் துணையின்றி ஆய்வுகூடத்திலேயே கொழுப்பைச் சமைத்து 1854இல் உலகை வியப்பில் ஆழ்த்தினார்.

மூன்று கிளைகளும் ஒலெயிக் அமிலமாகவே அமைந்த கொழுப்புத்தான் டிரையோலீன். அதன் மூலக்கூறில் காபன் அணுக்கள் 57, ஐதரசன் அணுக்கள் 104, ஒட்சிசன் அணுக்கள் 6. ஒலிவ் எண்ணெயிலும் நிலக்கடலை எண்ணெயிலும் ஒலெயிக் அமிலம் நிறைந்துள்ளது. மனித உடற்கொழுப்பிலும் மீனின் கொழுப்பிலும் உண்டு. தேங்காயெண்ணெய் பதுளைக் குளிருக்கே உறைந்துவிட, டிரையோலீன் நீர் உறையும் வெப்பநிலைக்குக் கீழே சில பாகை வரையிலும் திரவமாகவே நிற்கும். எந்நாட்டு ஆற்றின் குளிருக்கும் அது அஞ்சுவதில்லை.

இயற்கை எண்ணெய் இருக்கச் செயற்கைக் கொழுப்பு எதற்கு? சாட்சி சொல்ல வருபவன் வழக்கில் சம்பந்தப்படாதவனாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை. அது விளைந்த தோட்டத்து மருந்தின் எச்சம் அதிலேயே இருக்கலாம். பின்னர் அதில் ஒரு நஞ்சைக் கண்டால், ஆறு தந்ததா, கடை தந்ததா என்று எவ்வாறு சொல்வது? தூய ஒலெயிக் அமிலத்திலிருந்து ஆய்வுகூடத்தில் சமைத்த டிரையோலீனின் உள்ளடக்கம் நமக்கு முன்கூட்டியே தெரியும். அதிலும் நூற்றுக்கு 95 பங்கு தூய்மை போதாதென்று, எஞ்சிய ஒலெயிக் அமிலம் முதலானவற்றையும் நீக்கி மேலும் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துகின்றனர்.

இக்கொழுப்புக்கு மருத்துவ ஆய்விலும் மதிப்புண்டு. அடையாளமிட்ட காபன் அணுவைக் கொண்ட டிரையோலீனை நோயாளிக்கு உண்ணக் கொடுத்து, அவர் வெளிவிடும் மூச்சில் அந்தக் காபன் எவ்வளவு வருகிறது என்று அளந்து, கொழுப்பு சரியாகச் செரிக்கிறதா என்று அறியும் முறை உண்டு. லொரென்சோ ஒடோனே என்னும் சிறுவனுக்கு 1984இல் நரம்பைத் தேய்க்கும் அரிய பரம்பரை நோய் கண்டபோது, மருத்துவர் அல்லாத அவன் பெற்றோர் நூலகங்களில் தவம் கிடந்து தேடிய எண்ணெயின் பெரும்பகுதியும் டிரையோலீனே; அதில் நான்கு பங்குடன், எருசிக் அமிலத்தின் முக்கிளிசரைடு ஒரு பங்கு கலந்தது அது. நோய் முற்றியவர்களை அது குணப்படுத்தவில்லை. நோய்க்குறி தோன்றாத சிறுவருக்கு ஓரளவு காப்பளிக்கலாம் என்று பின்வந்த ஆய்வு காட்டியது. 1992இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று அக்கதையை உலகறியச் செய்தது.

ஆற்றில் தொங்கும் நாடா

இனி ஆற்றுக்குத் திரும்புவோம். 1987இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி சோடர்கிரென், கரைப்பான் திரவமொன்றை நுண்துளைச் சவ்வுப் பைகளில் அடைத்து நீரில் இறக்கி மாசுகளைப் பிடிக்க முயன்றார். அதன் பின்னர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிலுள்ள மீன்வள ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹக்கின்ஸ் மற்றும் டூபர்கன், மனுவீர என்னும் மூவர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் டிரையோலீன் அடைத்த சவ்வுக் கருவியை விவரித்தனர். மூன்றாவது பெயர் எம் இலங்கைத் தீவின் பெயர் என்பதை வாசகர் உடனே உணர்ந்திருப்பர்.

கருவி மிக எளியது. ஏறத்தாழ 91 சென்ரிமீற்றர் நீளமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட மெல்லிய பொலித்தீன் குழல் ஒன்று, தட்டையான நாடாவைப்போல் இருக்கும். அதனுள் ஒரு மில்லிலீற்றர் டிரையோலீன் மட்டும் விட்டு, படலமாகப் பரப்பி, இரு முனைகளையும் சூட்டினால் ஒட்டிவிடுவர். பொலித்தீனில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மாசுப்பொருளின் சிறிய மூலக்கூறு அவற்றின் வழியே உள்ளே நுழையும். டிரையோலீனின் பெரிய மூலக்கூறு எளிதில் வெளியேற மாட்டாது. மீனின் செவுளையும் கொழுப்பையும் ஒரு நாடாவில் அமைத்தாற்போன்றது இது.

துளையிட்ட உலோகக் கூட்டினுள் இந்நாடாவைச் சுற்றி, ஆற்றில் ஏறத்தாழ நான்கு கிழமை தொங்கவிடுவர். அதன் சிறப்பு இந்தக் காத்திருப்பிலேதான் உள்ளது. ஊவாவில் மழை எவ்வாறு பெய்யும் என்பது நாம் அறிந்ததே. ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசி மணமிக்க தேயிலையைத் தருகிறது. ஐப்பசியில் மாலைதோறும் இடிமழை கொட்டுகிறது. மருந்தடித்த மலையைக் கழுவிய நீர் ஒரு மணி நேரத்திலே ஓடை வழியாக ஓடிவிடும். மறுநாள் காலை போத்தலில் பிடித்த நீர் அதனை அறியாது. நாடாவோ இரவும் பகலும் விழித்திருந்து, போகும் நீரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கும். பொருளுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அளவு மாறுமாயினும், நாளொன்றுக்குச் சில லீற்றர் நீரிலுள்ள மாசை அது வாங்கிக்கொள்ளும். நான்கு லீற்றர் என்று கொண்டால் 28 நாளில் 112 லீற்றர். பதினைந்து லீற்றர் குடத்தால் ஏழு குடத்துக்கு மேற்பட்ட நீரின் செய்தி ஒரு மில்லிலீற்றர் எண்ணெயைச் சுற்றித் திரண்டுவிடுகிறது.

நாடாவை எடுத்ததும் காற்றுப் புகாத தகரத்தில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். அங்கே மேற்பரப்பைத் துடைத்துத் தூய்மையாக்கி, ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்தால், உள்ளே புகுந்த மாசுகள் வந்த வழியே வெளியேறும். டிரையோலீன் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். பின்னர் வாயு நிறப்பகுப்புக் கருவி ஒவ்வொரு பொருளையும் பிரித்து இனங்காட்டும். ஆற்றில் இறக்கிய நாடாவோடு கூடவே, ஆற்றில் இறக்காமல் காற்றை மட்டும் கண்ட நாடாவொன்றையும் சோதிப்பர். வண்டிப் புகையோ அடுப்புப் புகையோ அவ்வெண்ணெயில் ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு எச்சரிக்கை இருந்தால்தான் சாட்சி நீதிமன்றத்தில் நிற்கும்.

எண்ணெய் அறியாதவை

இந்நாடா எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. கொழுப்பை விரும்பும் பொருள்களை மட்டுமே அது அறியும். தேயிலை மலைகளில் புல்லை ஒழிக்கப் பயன்பட்ட பரகுவாட், கிளைபோசேற் ஆகிய இரண்டும் நீரை விரும்புபவை. அவை ஆற்றில் நிறைந்திருந்தாலும் டிரையோலீன் அவற்றை ஏறெடுத்தும் பாராது. பரகுவாட் 2008 முதல் படிப்படியாக இந்நாட்டில் விலக்கப்பட்டது. கிளைபோசேற் 2015இல் தடுக்கப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது; அதன் பின்னரும் சட்டம் மாறி மாறி வந்துள்ளது. இவற்றை அறியத் தனிப் பரிசோதனை வேண்டும். நீர்விரும்பிப் பொருள்கள் பலவற்றைப் பிடிக்கும் வேறொரு கருவியை அதே கொலம்பியா ஆய்வுகூடத்தினர் 2004இல் விவரித்தனர். எண்ணெயின் சாட்சியம் பாதி. மறுபாதியை வேறொரு சாட்சியிடம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. நாடா சொல்வது நான்கு கிழமையின் சராசரியே. மழை பெய்த அந்த ஒரு மணி நேரத்தில் நஞ்சு எவ்வளவு உயர்ந்தது என்பதை அது சொல்லாது. ஒரு பொருள் இருப்பதாகக் கண்டதனாலேயே தீங்கு நேர்ந்துவிட்டதென்று கூச்சலிடுவதும் விஞ்ஞானமாகாது. எவ்வளவு உள்ளது, எவ்வளவுக்கு மேல் தீங்கு என்று அளந்து ஒப்பிட வேண்டும். இக்காலத்தில் கொழுப்பே இல்லாத சிலிக்கோன் இறப்பர்ப் பட்டைகளும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. அவை கையாள எளியவை. டிரையோலீன் நாடா காட்டிய வழியிலே பிறந்த தம்பிமார் என்று அவற்றைச் சொல்லலாம்.

இத்தகைய கருவி எமக்கு எட்டாக் கனியன்று. நாடாவின் பொருள் பொலித்தீன். உள்ளே ஒரு கரண்டியிலும் குறைந்த எண்ணெய். விலைமிக்கது அதனைப் பகுத்தறியும் ஆய்வுகூடமே. பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை உண்டு; பதுளையிலே 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் கற்பிக்கப்படுகிறது. இன்று எம் வகுப்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் நாளை அங்கே போவர். தாம் பிறந்த லயத்துப் பீலியிலே நாடாவைத் தொங்கவிட்டு அவர்களே ஆராயும் நாள் வருமாயின், இந்தப் பக்கத்தை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.

பிள்ளை கொண்டுவந்த கொப்பி

ஒரு கிழமை கழிந்தது. தவணை கேட்ட நாம் வகுப்பில் விடை சொல்ல நின்றோம். “உன் போத்தல் நீரில் மருந்து உண்டா இல்லையா என்பதை எம் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தால் சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்” என்று தொடங்கி, மேலே எழுதியவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். முடிவில் வேலையொன்றும் கொடுத்தோம். ஒரு கொப்பியில் மூன்று பத்தி கோடிட வேண்டும்: மருந்தடித்த நாள், மழை பெய்த நாள், பீலித் தண்ணீர் வரும் வழி.

ஒரு மாதத்துக்குப் பின் அப்பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். முதல் இரண்டு பத்திகளையும் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். மூன்றாவது பத்தியில் தன் தம்பியோடு ஊற்றுவரை ஏறிப் போய்ப் பார்த்து, பென்சிலால் படமொன்று வரைந்திருந்தாள். ஊற்றுக்கு மேலே இருபது முப்பது அடி தூரத்தில் ஒரு சிறு பள்ளம். மருந்துத் தாங்கிகளை வேலை முடிந்ததும் கழுவும் இடம் அதுவே. ஊரார் எவரும் இதைத் தீங்கென்று எண்ணிச் செய்ததில்லை. அங்கே நீர் இருந்தது, கழுவினர், அவ்வளவே. அவளுடைய தாய் அந்தப் படத்தைக் கங்காணியிடம் காட்டியிருக்கிறார். கங்காணியின் பேரப்பிள்ளையும் அதே பீலியில்தான் தண்ணீர் குடிக்கிறது. இப்பொழுது தாங்கிகளை ஊற்றுக்குக் கீழே, பீலியை விட்டு விலகிய ஓரிடத்தில் கழுவுகிறார்கள். நீரைச் சோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் லயத்தவர் ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளனர். அதனை எழுதிக்கொடுத்தவள் அப்பிள்ளையே. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்த அளவே எம் பங்கு.

ஆற்றில் ஒரு நாடாவும் இன்னும் இறங்கவில்லை. ஒரு சொட்டு டிரையோலீனும் எம் கைக்கு வரவில்லை. ஆனாலும், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை மட்டும் நம்பாமல், நீர் எங்கிருந்து வருகிறது, எதைக் கழுவிக்கொண்டு வருகிறது என்று கேட்கும் பழக்கம் ஒரு லயத்தில் பிறந்துவிட்டது. விஞ்ஞானத்தின் முதற்படி அதுவன்றி வேறென்ன?

தாய்மார்க்கு ஒரு வார்த்தை. நீரைக் கொதிக்கவைப்பதை இதனால் விட்டுவிடாதீர்கள். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் தரும் கிருமிகளைக் கொல்வது கொதிதான். எம் பிள்ளைகளுக்கு உடனடியாக நேரும் ஆபத்தும் அக்கிருமிகளே. ஆனால் நீரிற் கலந்த மருந்துகளைக் கொதி போக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்து நீருக்குப் போகாமல் தடுப்பது ஒன்றே அதற்கு வழி. ஊற்றைச் சுற்றி மரமும் புல்லும் நிற்க விடுங்கள். அங்கே மருந்துப் போத்தலைக் கழுவாதீர்கள், எறியாதீர்கள். வெற்றுப் போத்தலில் ஒருபோதும் எண்ணெயோ நீரோ வைக்காதீர்கள்.

“தெளிந்த நீர் நல்ல நீர்” என்று இருபது ஆண்டுகளாக எம்மிடம் கேட்டுச் சென்ற மாணாக்கர் பலர் இன்று தாய் தந்தையராகி இப்பக்கத்தை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே: நாம் அன்று சொன்னது பாதிப் பாடம், மீதிப் பாதியை எமக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. உங்கள் பிள்ளை போத்தலும் கேள்வியுமாக வந்து நின்றால், “தெரியாது, தேடுவோம்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.